இரண்டாவது அழைப்பு

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் டெல்ஃபினாவின் பேச்சுப் பயிற்சி அறை இருக்கிறது. பேச வந்தும் பழகத் தெரியாத பிள்ளைகளுக்கு யூடியூபில் ஒரு காணொளியைப் போடுவாள். பாதியில் நிறுத்தி, "இப்போ இவங்க மனசுல என்ன ஓடுது?" என்று கேட்பாள். ஒன்பது வருடமாக இதுதான் அவள் பிழைப்பு.

பத்து வயது அமிஹானை அவள் அம்மா கூட்டி வந்தபோது ஒரு புகாரும் கூடவே வந்தது. சாப்பிடுகிறவர்கள் கடந்து போகிறவரைப் பார்த்து "வாங்க சாப்பிடலாம்" என்பதும், அவர் "நீங்க சாப்பிடுங்க" என்று சிரித்தபடி நகர்வதும் வழக்கம்தானே. அமிஹான் நகரமாட்டாள். உட்கார்ந்து சோற்றில் கை வைப்பாள்.

"வந்துட்டாடி, டப்பாவை மூடு!" என்று வகுப்புப் பெண்கள் கத்துவார்கள். இனியும் இப்படி நடந்தால் மதியச் சாப்பாடு ஆசிரியர் அறையில் தனியாகத்தான் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

வெளிநாட்டுக் காணொளிகளில் இப்படி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. டெல்ஃபினா உள்ளூர்ச் சந்தைக் காணொளிகளைத் தேடிப் பிடித்தாள். மீன்காரி ஒருத்தி வாய் நிறையச் சோற்றோடு கூப்பிடும் இடத்தில் நிறுத்தினாள்.

"இந்தம்மா பொய் சொல்றாங்களா, டீச்சர்?"

"இல்லடா கண்ணு. உன்னைப் பார்த்துட்டேன்னு சொல்றாங்க. அவ்வளவுதான்."

புகார் நின்றது. அம்மா ஒரு பை மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தாள்.

மூன்றாம் வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்குப் போன டெல்ஃபினா சன்னல் வழியே பார்த்தாள். அமிஹான் ஒரு பெஞ்சில் தனியாக இருந்தாள். பக்கத்துப் பெஞ்சிலிருந்த ஜெசலின் என்ற பெண் நகர்ந்து இடம் விட்டு, அவளை இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டாள்.

"நீங்க சாப்பிடுங்க," என்றாள் அமிஹான், காணொளியில் பார்த்த அதே சிரிப்போடு.

"ரொம்பத்தான் பிகு பண்றா!" ஜெசலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டெல்ஃபினாவுக்குச் சுருக்கென்றது. மறுக்க மட்டும்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

அடுத்த வகுப்பில் வேறொரு காணொளி. அதில் வீட்டுக்காரி கூப்பிட்டாள், நகர்ந்தாள், தட்டு எடுத்து வைத்தாள், மறுபடியும் கூப்பிட்டாள்.

"இவங்க நிஜமா கூப்பிடுறாங்க," என்றாள் அமிஹான் மெதுவாக. "ஜெசலினும் நகர்ந்தா."

"ஆமாடா. டீச்சர்தான் பாதி சொல்லிக் கொடுத்துட்டேன்."

மறுநாள் டெல்ஃபினா மறுபடி அந்தச் சன்னலோரம் போய் நின்றாள். ஜெசலின் இன்று கூப்பிடவே இல்லை. அமிஹான் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"வா, சாப்பிடலாம்."

ஜெசலின் திரும்பவில்லை. அமிஹான் நகர்ந்தாள். இன்னும் நகர்ந்தாள். பெஞ்சின் விளிம்புக்கே போய்விட்டாள்.

"நான் நகர்ந்துட்டேன். வா, சாப்பிடலாம்!"

"ஏய், கீழே விழப்போறடி!" சிரித்துக்கொண்டே டப்பாவோடு எழுந்து வந்தாள் ஜெசலின்.