புன்னக்காயலில் அடுப்பு மூட்டாத இரவு

ஐரோப்பியச் சண்டை தொடங்குவதற்கு முந்திய வைகாசியில் தாமிரபரணி கடலில் சேரும் இடம்வரை போய்வந்தேன். அந்த வழியை எழுதும்படி இந்தப் பத்திரிகையின் வாசகிகள் இருவர் கேட்டு வெகுநாளாகிறது. வழியைச் சொல்வது எளிது. அங்கே என்ன சாப்பிட்டோம் என்பதை விட்டுவிட்டு எழுத மனம் வரவில்லை. அதை எழுதத் தோழி ஒருத்தியின் சம்மதம் வேண்டியிருந்தது. இப்போது கிடைத்துவிட்டது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஊர்களை மாற்றவில்லை.

பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் நாங்கள் மூன்று பேர் ஒரே பெஞ்சு. நான், புன்னக்காயல் ரோசலின், சேரன்மகாதேவி கோமதி. கோமதி சைவ வீட்டுப் பெண். மத்தியானம் அவளுக்கு வீட்டிலிருந்து தூக்குச்சட்டி வரும். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு, மறுபடி எங்கள் பக்கம் திரும்பி விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாள். பதினொரு வயதில் அவளுக்குக் கல்யாணமாகிப் படிப்பு நின்றது. நான் சென்னைக்குப் போய்ப் பட்டம் வாங்கி அங்கேயே கற்பிக்கத் தொடங்கினேன். ரோசலின் சங்கும் கருவாடும் கொழும்புக்கு அனுப்பும் வியாபாரி ஒருவரைக் கட்டிக்கொண்டாள்.

ரோசலின் வீட்டு இரவு விருந்துகள் ஒரு காலத்தில் அந்தக் கரையில் பேர்பெற்றவை. ஒவ்வொரு இரவுக்கும் ஒரு பெயர். கோவா இராத்திரி என்றால் புளித்த காடியில் ஊறிய பன்றியிறைச்சி, அதற்குக் கறுஞ்சிவப்பான போர்ட் ஒயின். கொழும்பு இராத்திரி என்றால் தேங்காய்ப்பாலில் வெந்த சீலா மீன், அதற்கு வெளிறிய புளிப்பு ஒயின். பெரிய பீங்கான் தட்டுகள் மேசை நடுவில் இருக்கும். பக்கத்தில் இருப்பவருக்கு எடுத்து வைத்த பிறகுதான் தனக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். இன்ன பண்டத்துக்கு இன்ன பானம்தான் பொருந்தும் என்பது பாட்டில் விற்கிறவர்கள் கட்டிய சாத்திரம் என்பது என் எண்ணம், அவளிடமே சொல்லியிருக்கிறேன். நான் மதுவிலக்குச் சங்கத்தில் கையெழுத்திட்டவள். ஆகவே எனக்கு மட்டும் அன்றைக்குப் பிழிந்த திராட்சைச் சாறு, அதே கண்ணாடிக் கோப்பையில் வரும். விடுமுறைக்கு விடுமுறை போய் அந்த மேசையில் உட்காருவேன். கோமதி ஒருநாளும் வந்ததில்லை. வர முடியாது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அந்த வருஷம் ரோசலின் விதவையாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. கொழும்பில் இருக்கும் மகன் அவளை அங்கேயே வரச் சொல்லிவிட்டான். வீட்டுக்கு விலை பேசியாயிற்று. புறப்படுவதற்குள் மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒருநேரம் சாப்பிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தாள். பழம், இளநீர், பச்சைக் காய் இவற்றை யார் கையால் கொடுத்தாலும் கோமதி வாங்கிக்கொள்வாள். தீயில் வெந்ததுதான் ஆகாது. அப்படியானால் அடுப்பே மூட்டாமல் ஒரு விருந்து. அதற்கு அடுப்பில்லா இராத்திரி என்று பெயரும் வைத்துவிட்டாள். ஒரு கட்டுப்பாட்டுக்கு ஒளிந்து நடத்தும் விருந்து அந்தக் கட்டுப்பாட்டைக் கும்பிடுவதுதானே என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் கோமதியை அழைத்துவரும் வேலையை ஏற்றுக்கொண்டேன்.

எழும்பூரில் சாயங்காலம் ரயில் ஏறினால் மறுநாள் பிற்பகல் திருநெல்வேலியில் இறங்கலாம். மூன்றாம் வகுப்புக்கு ஐந்து ரூபாய்க்குச் சற்று மேல் ஆயிற்று. குடிதண்ணீர் கூஜா அவசியம். பாளையங்கோட்டையில் உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை கொல்லம் வண்டியில் சேரன்மகாதேவிக்குப் போனேன். பதினொரு மைல்தான். ஸ்டேஷனிலிருந்து வயல் வரப்பில் நடந்தால் ஊர் வந்துவிடும்.

கோமதி என்னை முன்கூடத்தில் உட்காரவைத்தாள். எனக்கென்று தனியாக வைத்திருக்கும் செம்பில் மோர் வந்தது. அடுப்பில்லா இராத்திரியைப் பற்றிச் சொன்னதும் சிரித்துவிட்டு, தன் வீட்டு நிலைமையைச் சொன்னாள். கடைசி மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். ஆனியில் நிச்சயதாம்பூலம். பையன் வீட்டார் ஆசாரத்தில் மிகக் கெட்டி. பெண்ணின் தாய் கடற்கரைக் கிறிஸ்தவச்சி வீட்டில் கைநனைத்தாள் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“ரோசு போனா திரும்பி வரமாட்டாள்லா?” என்று கேட்டாள்.

வரமாட்டாள் என்றேன்.

“விசாகத்துக்குத் திருச்செந்தூர் போகணும்னு வீட்டுல சொல்லுதேன். போகத்தான் போறேன், அது பொய்யில்ல. வழியில எங்க எறங்கினேன்னு யாரும் கேக்கமாட்டாவ. வண்டிக்காரன் இசக்கிதான் வருவான்.”

இரண்டாம் நாள் விடியலில் அவளுடைய வில்வண்டி பாளையங்கோட்டைக்கு வந்தது. சொந்த வண்டி இல்லாதவர்கள் இங்கேயே வாடகைக்குப் பிடிக்கலாம். ஆத்தூர்வரை நாலு ரூபாய் கேட்பார்கள். ஸ்ரீவைகுண்டம் பதினெட்டு மைல். பாதை ஆற்றை விட்டு விலகியும் ஒட்டியும் போகிறது. வைகாசியில் ஆறு மெலிந்து மணல் தெரிந்தது. அப்படியும் கால்வாய்களில் தண்ணீருக்குக் குறைவில்லை. பள்ளியில் எங்களுக்குப் பூகோளம் நடத்திய துரைசானி ஆற்றின் பெயரைச் சொல்லும் விதத்தைக் கோமதி நடித்துக் காட்டினாள். நாற்பது வருஷத்துக்குப் பிறகும் அச்சு அசலாக இருந்தது. இசக்கி காளையை “ஏலே, பைய போ லே, உள்ள பி.ஏ. படிச்சவுக இருக்காவ” என்று அதட்டினான். எனக்காகச் சொன்னானா காளைக்காகச் சொன்னானா தெரியவில்லை.

இரவு ஸ்ரீவைகுண்டத்தில் கோமதி சத்திரத்திலும் நான் ஊர்ச் சபை உபதேசியார் வீட்டிலும் தங்கினோம். காலையில் கிளம்பி, ஏரல் வழியாக ஆத்தூரை அடையும்போது உச்சிவேளை தாண்டிவிட்டது. வெற்றிலைக் கொடிக்கால்களின் குளுமைக்காகவே அங்கே ஒரு மணி நேரம் தங்கலாம். அதற்கப்பால் உப்பும் சேறுமாக நிலம் வண்டிக்கு ஒத்துவராது. இசக்கி வண்டியை அங்கேயே அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கோமதியின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எங்களோடு தோணியில் ஏறினான். ஆளுக்கு இரண்டணா.

மணலில் நின்றபடி ரோசலின் காத்திருந்தாள். கோமதியைக் கண்டதும் கையைப் பிடிக்கப் போய், பாதியில் நிறுத்தி, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கோமதியே கையை நீட்டினாள்.

அந்த வீட்டு அடுக்களையில் அன்று சாம்பலைக்கூட வழித்து எடுத்திருந்தார்கள். வாங்கி ஒருநாள்கூட ஆகாத மண்கலங்கள். கடலைப் பார்த்த முற்றத்தில் பாய் விரித்து, ஒரே வரிசையில் மூன்று வாழையிலைகள். நிலா அப்போதுதான் எழும்பியிருந்தது. இசக்கி தோணிக்காரர்களோடு தள்ளி உட்கார்ந்திருந்தான்.

ரோசலின் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வைத்தாள். ஊறிய பாசிப்பருப்பில் வெள்ளரிக்காயும் தேங்காய்த் துருவலும். அதற்கு அன்று மாலை இறக்கிய பதநீர். மாங்காய்க் கீற்றும் பச்சை மிளகாயும், அதற்கு இளநீர். மாம்பழத்துக்கு ஒயின். கொழும்பிலிருந்து வந்த கடைசி பாட்டில் அது, ரோசலினுக்கு மட்டும். எனக்கு வழக்கம்போல் பிழிந்த சாறு. உப்பைக்கூட விடாமல் விளக்கினாள்: “இது அடுப்புல காச்சினது இல்லட்டி. அளத்துல வெயில் காச்சினது.”

கோமதி ரோசலினின் கோப்பையை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

“இதுவும் அடுப்பு ஏறாததுதானே?”

“ஏறாததுதான். குடிக்கியாட்டி?”

“பழம்புளி ஊறின மணம் வருது. இதுக்கா கப்பல்ல காசு குடுத்துக் கொண்டாந்தீய?”

நான் சத்தமாகச் சிரித்த சந்தர்ப்பங்கள் குறைவு. அது ஒன்று.

கடைசியாகத் தேங்காய்ப்பாலில் நுங்கு வந்தது. கோமதி ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். கை இலைமேல் அப்படியே நின்றது.

“இதுல என்ன போட்டிருக்கு, ரோசு?”

“கருப்பட்டி” என்று சொல்லும்போதே ரோசலினின் முகம் மாறிவிட்டது. உப்புவரை யோசித்தவளுக்குக் கருப்பட்டி தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அதைக் கொண்டுவந்ததே நான்தான். எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் ஓலைக் கொட்டானில் கருப்பட்டி எடுத்துப்போவது வழக்கம்; அதைச் சமைத்த பண்டமாக நாங்கள் நினைப்பதே இல்லை. பதநீரை அடுப்பில் ஏற்றி, நாள்முழுக்கக் கிண்டித்தான் அது ஆகிறது.

“எஸ்தரு, இது உங்க பெரியம்மை வீட்டுல காச்சினதா?”

ஆமாம் என்றேன். என் தாய்வழியார் பனையேறிகள். பெரியம்மை வீட்டு அடுப்பு அது. பள்ளியில் அவள் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது இந்த அடுப்புக்காகவும்தான். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. அன்றைக்கு, அவள் எழுந்து போனால் தடுப்பதில்லை என்று மட்டும் தீர்மானித்துக்கொண்டேன்.

கோமதி வாயில் இருந்ததை விழுங்கினாள்.

“எங்க வீட்டுக்கும் கருப்பட்டிச் சிப்பம் அங்கனேர்ந்துதான் வருது. நான் பெரியவளானப்ப உளுந்தங்களி இதுலதான் கிண்டிக் குடுத்தாவ. நாலு பிள்ள பெத்தப்பவும் இதுதான். யாரு காச்சினான்னு ஒருத்தரும் கேக்கல.” இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “எனக்குப் பசிக்கி. வெள்ளரிக்காயத் தின்னு எத்தன நேரம் இருக்க முடியும்? அடுப்பைப் பத்தவையி, ரோசு” என்றாள்.

ரோசலின் இசக்கி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான்தான் தணிந்த குரலில் ஆனி மாதத்தை நினைவூட்டினேன். நினைப்பு இருக்கிறது என்றாள் கோமதி. அப்படியானால் நீயே சோறாக்கிக்கொள், பானை புதிதுதான் என்று ரோசலின் கெஞ்சினாள்.

“நான் பொங்கினா அது எங்க வீட்டுச் சோறாயிரும். நீ பொங்கு. எஸ்தரு போடட்டும். நான் உக்காந்திருக்கேன்.”

அப்படியே கையைக் கட்டி உட்கார்ந்துகொண்டாள். வழித்து வைத்த அடுப்பில் நான் ஊதித் தீ மூட்ட, ரோசலின் அரிசி களைந்து போட்டாள். மீன் படாத குழம்பு எதுவும் அவளுக்குத் தெரியாது. சுடுசோற்றில் தேங்காய்ப்பாலையும் உப்பையும் கலந்தாள், அவ்வளவுதான். மூன்று இலையிலும் நான் போட்டேன். இதற்கு எந்தப் பானம் பொருத்தம் என்று கேட்டேன். கொஞ்சம் கேலிதான். ரோசலின் யோசித்துவிட்டு, வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றிக் கொண்டுவந்தாள். அவளுடைய சாத்திரத்தில் எனக்கு நம்பிக்கை வந்தது அன்று ஒருநாள்தான். சோற்றைப் பற்றிக் கோமதி சொன்னது ஒரே வார்த்தை: உப்பு தூக்கல்.

மறுநாள் தோணியில் திரும்பினோம். ஆத்தூரில் காளைகளைப் பூட்டும்போது இசக்கி திரும்பிப் பார்க்காமலே கேட்டான்: “ஆச்சி, வீட்டுல கேட்டா என்ன சொல்லட்டும்?”

“திருச்செந்தூர் போனோம்னு சொல்லு. இனிமேதான போறோம்.”

“சரி ஆச்சி. எனக்கும் நேத்து தோணிக்காரவுக குடுத்த மீன் நல்லாத்தான் இருந்துச்சு. என்னய எங்க வீட்டுல கேக்கமாட்டாவ” என்றான். அதற்குமேல் அந்தப் பேச்சு எழவில்லை.

ஆனியில் நிச்சயதாம்பூலம் நடந்தது. ஆவணியில் கல்யாணம். எனக்கும் அழைப்பு வந்தது. புன்னக்காயல் இரவுக்குப் பிறகு உலகம் திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். கல்யாணத்தில் எங்களைப் போன்றவர்களுக்குப் பின்கட்டில் தனிப் பந்தி. பரிமாறியவர்கள் வேலையாட்கள். இலை போட்டதும், பட்டுப்புடவையும் வியர்வையுமாகப் பெண்ணின் தாய் அங்கே வந்தாள். பரிமாறுகிறவன் கையிலிருந்து உப்புக் கிண்ணத்தை வாங்கி, என் இலையோரத்தில் மட்டும் வேண்டியதற்கு மேல் ஒரு சிட்டிகை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே போனாள்.

போக நினைப்பவர்களுக்கு: வைகாசியைத் தாண்டாதீர்கள், அதற்குப் பிறகு பதநீர் குறைந்துவிடும், காற்றும் மணலை வாரி இறைக்கும். ஆத்தூரில் தோணி பேசும்போதே திரும்பி வரவும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் அங்கிருந்தே கொண்டுபோங்கள், புன்னக்காயல் கிணறுகள் கரிக்கும். ரோசலின் இருந்த வீடு இப்போது கருவாடு அடுக்கிவைக்கும் கிட்டங்கி, உள்ளே விடமாட்டார்கள். கடலைப் பார்த்த முற்றம் வெளியிலிருந்தே தெரியும். அரிசியும் ஒரு சிறு பானையும் எடுத்துப்போனால் மணலிலேயே மூன்று கல் கூட்டிப் பொங்கலாம். உப்பு எடுத்துப்போக வேண்டாம். அது அங்கே தாராளம்.