துடைத்து அனுப்பிய இலை

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர் விவசாயிகளை எல்லாம் வேளாண்மை அதிகாரி ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருந்தார். பயிருக்கு நோய் வந்தால் படம் அனுப்ப வேண்டும், அவர் மருந்து சொல்வார். எங்கள் பீர்க்கங்கொடியின் இலைகளில் வெள்ளையாக மாவு படிந்தது. என் வீட்டுக்காரர் ஓர் இலையைத் துண்டால் பளிச்சென்று துடைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்பினார்.

"உங்க ஊர்ல இருந்து வர்ற எல்லா எலையும் நல்லாத்தானே இருக்குதுங்க" என்று அந்த அதிகாரி அம்மாவிடமிருந்து பதில் வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைப் பிடுங்கிக் குழுவிலேயே பேசிப் போட்டேன்: "இவரு தொடச்சிட்டாருங்க மேடம். நேர்ல வந்து பாருங்க."

மறுநாள் காலை அதிகாரி வந்தபோது கொடியில் ஒரு வெள்ளை இலைகூட இல்லை. என் வீட்டுக்காரர் முன்னாடியே எழுந்து அத்தனையையும் கிள்ளிப் போட்டிருந்தார்.

"ஆபீசர் வர்ற எடம் அசிங்கமா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார்.

அதிகாரி குப்பைக்குழியில் இறங்கி வாடிய இலைகளைப் புரட்டினார். சாம்பல் நோய் என்றார். அங்கே நின்றபடியே ஓர் இலையைப் படம் எடுத்து, மருந்தின் பெயரோடு குழுவில் போட்டார்.

சற்று நேரத்தில் பதில்கள் வரிசையாக வந்தன.

"நாங்களும் தொடச்சித்தாங்க அனுப்பிச்சோம்."