இரண்டாவது ஆண் பூச்சி

1954-ம் வருடம், ஐப்பசி மழை ஓய்ந்திருந்த சமயம். ஓசூரை அடுத்த மத்திகிரியில், மாடுகளைத் தாக்கும் ஈ, உண்ணி முதலியவற்றைப் பரிசோதிக்கும் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. விலங்கியல் படித்துவிட்டு வந்தவள் நான். என்னோடு இன்னொரு பெண்ணும் அங்கே இருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், உள்ளூர்க்காரி. வீட்டில் கன்னடம், கடைத்தெருவில் தெலுங்கு, எங்களிடம் தமிழ் என்று தடங்கலில்லாமல் பேசுவாள். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அவளுடைய அண்ணனுக்கு அந்தமான் தீவில், காட்டிலாகாவில் உத்தியோகம். லீவில் வந்தவர் தங்கைக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்தார். உள்ளே ஸ்பிரிட்டில் ஊறிய பூச்சிகள். காட்டு ஓடைக்கரையில் விளக்கு வைத்து, வந்து விழுந்தவற்றைப் பிடித்துப் போட்டாராம். எல்லாம் கேடிஸ் ஈக்கள், அந்தத் தீவில் அதுவரை யாரும் அவ்வளவாகத் தேடிப் பார்க்காத வகை. பெயர்தான் ஈ, பார்வைக்கு அந்துப்பூச்சி மாதிரி இருக்கும். புழுவாக இருக்கும்போது ஓடைத் தண்ணீருக்குள் மணலையும் இலைத்துணுக்கையும் தன் வாயில் சுரக்கும் நூலால் ஒட்டி, கூடு கட்டிக்கொண்டு வாழும்.

எங்கள் அட்டெண்டர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நம்மூரு மாட்டு மேல ஒக்கார்ற ஈ பத்தலைன்னு கப்பல்ல வேற வரவழைச்சிருக்காங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொறாமைதான். காரணங்களை மனதுக்குள் வரிசைப்படுத்தியே வைத்திருந்தேன். படம் வரைவதில் அவளைவிட என் கை சுத்தம். கல்லூரியில் பூச்சியியலில் நான்தான் முதல். தினமும் அவளுக்கு முன்னால் வேலைக்கு வருகிறவளும் நான்தான். அப்படியிருக்க, புதிய இனம் ஒன்றை உலகத்துக்குச் சொல்லும் வாய்ப்பு அவளுக்கு ஏன் வர வேண்டும்? அண்ணன் அந்தமானில் இருப்பதாலா? எனக்கும் ஓர் அண்ணன் உண்டு. சேலத்தில் ஜவுளிக்கடையில் உட்கார்ந்திருந்தான். அவனால் எனக்கு வந்ததெல்லாம் தீபாவளிக்கு ஒரு புடவை.

கேடிஸ் ஈக்களைச் சிறகையும் நிறத்தையும் வைத்து இனம் பிரிக்க முடியாது. ஆண் பூச்சியின் வயிற்று நுனியில் இருக்கும் இணைசேரும் உறுப்பின் வடிவம்தான் கணக்கு. அந்த நுனியைக் கத்தரித்து காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் சூடாக்கினால், சதை கரைந்து ஓடு மட்டும் தெளிவாக நிற்கும். அதைக் கிளிசரினில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரைய வேண்டும். பாட்டிலில் இருந்தவை பெரும்பாலும் பெண் பூச்சிகள். அலசித் தேடியதில் ஒரே ஜாதியில் இரண்டே ஆண்கள் கிடைத்தன. அவள் ஒன்றை எடுத்துச் செய்தாள். அதில் இருபக்கமும் கொக்கி போல வளைந்த உறுப்பின் நுனி, பாம்பின் நாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்திருந்தது.

எங்கள் அதிகாரி அந்தப் படத்தை லண்டனில் ஒரு நிபுணருக்கு அனுப்பினார். பிளவு உண்மையானால் இது இதுவரை யாரும் விவரிக்காத இனம் என்று பதில் வந்தது.

அந்த 'உண்மையானால்' எனக்குப் போதுமாக இருந்தது. பொட்டாஷில் சற்று அதிக நேரம் விட்டாலும், மேலே வைக்கும் கண்ணாடிச் சில்லை அழுத்திவிட்டாலும் மெல்லிய நுனி கிழிந்துபோகும். அவளோ அவசரக்காரி. அதிகாரியின் எதிரிலேயே கேட்டுவிட்டேன்.

"நுனி தானா பிளந்திருக்குதா, கண்ணாடி அமுங்கிப் பிளந்துதாக்கா?"

அவள் முகம் வாடியது. "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பிளந்திருக்குதே, பாக்கலையா நீ?"

"ரெண்டு பக்கமும் ஒரே கண்ணாடிதானே அமுக்குது" என்றேன்.

 மறுநாள் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, மீதமிருக்கும் ஆண் பூச்சியை நான்தான் செய்ய வேண்டும், அவள் தொடக்கூடாது என்றார். அதிலும் நுனி பிளந்திருந்தால் கட்டுரை வெளியே போகும். இல்லையென்றால் அவள் இத்தனை நாள் செய்த வேலை அதோடு முடிந்தது. நான் கெடுத்துவிட்டாலும் முடிந்ததுதான், மூன்றாவது ஆண் கிடையாது.

மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நுனி ஒற்றையாக இருக்க வேண்டுமே என்று மனது வேண்டிக்கொண்டது. நான்தான் கெடுத்தேன் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்பதால் கை மட்டும் மிகுந்த கவனமாக இருந்தது. சூடாக்கவில்லை, குளிர்ந்த கரைசலிலேயே ஊறவிட்டேன். கண்ணாடிச் சில்லை வைக்கவே இல்லை.

அட்டெண்டர் எட்டிப் பார்த்தார். "வெளிய அந்தம்மா, பொண்டாட்டிக்குப் பிரசவம்னா ஆம்பளை நடப்பானே, அதாட்டம் நடக்கறாங்க. எதுனா ஒண்ணு சொல்லிடுங்கம்மா."

பார்த்தேன். இரண்டு.

ஊசியால் புரட்டிப் போட்டுக் கீழிருந்து பார்த்தேன், பக்கவாட்டில் பார்த்தேன். உள்பக்கத்துக் கிளை சற்றுக் குட்டை. விளிம்புகள் கிழிந்த விளிம்புகள் அல்ல, வழவழப்பாக உருண்டிருந்தன. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு நுண்ணிய மயிர் வேறு. கிழிசலில் மயிர் முளைக்காது. முதல் பூச்சியையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். அதிலும் மயிர் இருந்தது, அவள் வரையாமல் விட்டிருந்தாள். அந்தக் குறை எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

வெளியே போய், "நெஜந்தாங்க்கா. கிழிஞ்சதில்ல" என்றேன். அவள் அப்படியே தொழுவத்துச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

சாயங்காலம் ஓசூர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். அதிகாரி என் கையை நம்பிக் கொடுத்தாரே என்று சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

"அவரு எங்க குடுத்தாரு? உங்கிட்ட குடுக்கச் சொன்னதே நாந்தான்" என்றாள்.

நான் நின்றுவிட்டேன்.

"எனக்கு வேண்டியவங்க பாத்தா ரெண்டுன்னுதான் சொல்லுவாங்க. ஆவக்கூடாதுன்னு நெனைக்கிறவ நீ. நீயே பாத்து ரெண்டுன்னு சொல்லிட்டா, அப்பறம் லண்டன்காரன் என்னா கேக்கப் போறான்?"

கோபமே இல்லை அவள் குரலில். இத்தனை நாளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அடுத்த வருடம் கட்டுரை அவள் பெயரில் மட்டும் வெளிவந்தது. முறைப்படி அதுதான் சரி. பார்த்ததும் என் வயிற்றெரிச்சல் அடங்கிவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் இப்போதெல்லாம் ஒரு வேலையை முடித்ததும், பாராட்டுகிறவர்களிடம் அதைக் கொண்டுபோவதில்லை. என்மேல் யாருக்கு எரிச்சலோ அவரைத் தேடிக் கொடுக்கிறேன், அவர் மறுக்க வழியில்லாமல் தலையசைக்கும் வரை எனக்கு அது முடிந்த வேலை ஆவதில்லை.