பிள்ளை பிறந்த எட்டாம் நாள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கூமாப்பட்டிக்குக் கிளம்பும்போது, பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சர்ச்சுக்கு வராமலா என்று கேட்டார். அடுத்த வாரம் ஓவர்டைம் இருக்கிறது என்று ஒரு பொய் சொன்னேன். இரண்டு நாளாக எனக்குப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை. அதைச் சொன்னால் எதற்குப் பயம் என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வராது.

என் நாத்தனாருக்கு அது இரண்டாவது பிரசவம். ஸ்ரீவில்லிபுத்தூரில் சுகப்பிரசவமாகப் பெண் குழந்தை பிறந்து, மூன்றாம் நாள் கூமாப்பட்டியில் புருஷன் வீட்டுக்கே போய்விட்டாள். மூத்தவள் பள்ளிக்கூடம் போவதால் தாய்வீட்டுக்கு வரவில்லை. என் மாமியார்தான் துணைக்குப் போய் இருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனில் பேசியபோது, பேச்சோடு பேச்சாக, "அவளுக்குத்தான் தலவலி. பிள்ள தூங்க விடமாட்டேங்கு" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது சாதாரணமாகப் படவில்லை.

காரணம் இருந்தது. நாங்கள் இருப்பது சேத்தூரில். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடித்துப் பாக்கெட் போடும் ஒரு யூனிட்டில் வேலை பார்க்கிறேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் என்னைவிட இரண்டு வயது இளையவள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். எனக்கும் பிள்ளை இல்லை என்பதால் அவள் மாசமானதை என்னிடம் சொல்லவே ஒரு வாரம் தயங்கினாள். ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்து நாலைந்து நாள் இருக்கும், மத்தியான சாப்பாட்டு நேரத்தில் எனக்குப் போன் செய்தாள். தலை வெடிக்கிற மாதிரி இருக்கிறது, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். தூக்கம் கெட்டதால் இருக்கும், தைலம் தேய்த்துக்கொண்டு செத்த நேரம் படு என்றேன். சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, பொறவு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். மறுநாள் காலை குளிக்கப் போன இடத்தில் வலிப்பு வந்து விழுந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்க வீட்டில் அவள் அம்மா, "ஒங்கூடத்தான் கடைசியாப் பேசுனா, என்னம்மா சொன்னா?" என்று கேட்டார். பிள்ளையைப் பற்றிப் பேசினாள் என்றேன். தலைவலி என்று சொன்னதை இன்றுவரை அவரிடம் நான் சொல்லவில்லை. யூனிட்டில் பெண்கள் ஒரு வாரம் அதையேதான் பேசினார்கள். அக்கா மகள், எதிர்வீட்டு மருமகள் என்று ஆளுக்கொரு கதை இருந்தது. பிள்ளையோடு வீட்டுக்கு வந்த பிறகு செத்துப் போனவர்கள் இத்தனை பேரா என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. பிள்ளை பிறந்துவிட்டால் கண்டம் தாண்டியாயிற்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று இரண்டு இடத்தில் பஸ் மாறி கூமாப்பட்டியில் இறங்கும்போது மணி பதினொன்றாகியிருந்தது. மாமியார் வாசலில் பிள்ளைத் துணியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நாத்தனார் எப்படி இருக்கிறாள் என்றேன். தலைவலி நிற்கவில்லை, காலையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை என்றார். அவள் புருஷன் மலையடிவாரத் தோப்பில் தேங்காய் வெட்டுக்குப் போயிருந்தார். மூத்த பிள்ளை பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தது.

உள்ளே போனேன். ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கிப் படுத்திருந்தாள். வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறதாம். திரும்பிப் பார்த்தபோது சட்டென்று அவள் முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. இமை இரண்டும் வீங்கி, மூக்கு தடித்து, வேறு யாரோ மாதிரி இருந்தாள். காலைத் தொட்டு அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"மதினி, நெஞ்சுக்குழிக்குக் கீழ வலிக்கு. அந்தச் செவுரு ஆடுத மாதிரி இருக்கு" என்றாள்.

கண்ணுக்கு முன்னால் ஏதாவது பறக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள். வாசலுக்கு வந்து மாமியாரிடம், இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றேன். அவர் கிளிப்பைக்கூடக் கையிலிருந்து வைக்கவில்லை. பச்சை உடம்புக்காரியை உச்சி வெயிலில் கூட்டிக்கொண்டு அலைவார்களா, மருமகன் சாயங்காலம் வரட்டும், ஜெபம் பண்ணிக்கொண்டு படுத்தால் சரியாகிவிடும் என்றார். பிரசவமானவர்களைக் கவனிக்கும் கிராம நர்ஸ் அக்கா முந்தின நாள்கூடப் போன் செய்து விசாரித்தாராம். நல்லாத்தான் இருக்கா என்று இவரே சொல்லி வைத்துவிட்டாராம்.

நான் திரும்பவும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாலு பெத்தவ எனக்குத் தெரியாதா? நீ ஒண்ணு பெத்திருந்தேன்னா இதெல்லாம் ஒனக்கும் தெரியும்."

பதினான்கு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் நேராகச் சொன்னது அன்றுதான். வேறொரு நாளாக இருந்தால் நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பேன். அன்று அது காதில் விழுந்து, உள்ளே இறங்காமல் நின்றது.

"எனக்குப் பெக்கத் தெரியாது அத்தை. ஆனா இதே மாதிரிச் சொன்ன ஒருத்தி மறுநா செத்துப் போனா. அவ எங்கிட்டதான் சொன்னா. நான் படுத்துத் தூங்குன்னு சொல்லிட்டேன்."

யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பிள்ளையைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

நூற்றி எட்டுக்குப் போன் செய்தேன். பக்கத்தில் இருந்த வண்டி வேறொரு கேஸை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது, அடுத்தது வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். நாத்தனார் புருஷனுக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. தோப்பில் டவர் கிடைக்காது. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ வைத்திருந்தார். சாப்பிட உட்கார்ந்தவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். மூத்தவளை அவர் மனைவியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். முதலில் எது வருகிறதோ அது என்றேன்.

ஊரைத் தாண்டி வயலுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தோம். நாத்தனார் என் தோளில் சாய்ந்திருந்தாள். திடீரென்று அவள் உடம்பு விறைத்தது. தூக்கத்தில் உதறுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் கண் மேலே செருகியிருந்தது. பல் கிட்டிக்கொண்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. ஆட்டோவே அவளோடு சேர்ந்து ஆடியது. உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. மாமியார் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஏசப்பா ஏசப்பா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதுவும் வரவில்லை. நான் கிளம்பி வந்தது தாமதம், வெள்ளிக்கிழமையே வந்திருக்க வேண்டும், இவளையும் விட்டுவிட்டேன் என்று அது மட்டும்தான் மனசுக்குள் ஓடியது. ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தாமலே, ஒருச்சாய்த்துப் பிடிங்க, நுரை வெளியே வழியட்டும் என்று கத்தினார். அப்படிப் பிடித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இழுப்பு நின்றது. அதற்குப் பிறகு மூச்சே இல்லாத மாதிரி ஒரு இடைவெளி. பிறகு குறட்டை மாதிரி ஒரு சத்தத்தோடு மூச்சு திரும்பியது. அந்த இடைவெளி இன்னமும் என் கனவில் வருகிறது. கனவில் மூச்சு திரும்புவதில்லை.

வத்திராயிருப்பு அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் இறக்கினோம். ஒரு நர்ஸ் ஓடி வந்தார். பிரசவமாகி எத்தனை நாள் என்று கேட்டார். எட்டு நாள் என்றேன். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். நூற்றித் தொண்ணூறுக்கு மேல் என்பது மட்டும் எனக்குக் கேட்டது. டாக்டர் வந்தார். இடுப்பில் இரண்டு பக்கமும் பெரிய ஊசி போட்டார்கள், கையில் ஒரு மருந்து ஏற்றினார்கள். மாசமாக இருந்தபோது பிரஷர் இருந்ததா, மாத்திரை சாப்பிட்டாளா என்று டாக்டர் கேட்டபோது நான் மாமியாரைப் பார்த்தேன்.

"குடுத்தாவ. வீட்டுக்கு வரும்போதும் குடுத்துதான் விட்டாவ. பிள்ளதான் பொறந்தாச்சே, மாத்திர சாப்பிட்டாப் பாலுக்கு ஆகாதுன்னு நாந்தான் நிப்பாட்டச் சொன்னேன்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் மாமியாருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று தோன்றியது. ஊசி போட்டாயிற்று, இனி தாமதிக்கக் கூடாது என்று ஆம்புலன்ஸில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பினார்கள். வண்டியில் ஒரு ஆள்தான் ஏறலாம் என்றார்கள். மாமியார் என்னைப் போகச் சொன்னார். பிள்ளையோடு ஆட்டோவில் பின்னால் வந்தார். வண்டியில் இருந்த ஆம்புலன்ஸ் உதவியாளர் கிருஷ்ணன்கோவில் தாண்டும்வரை அவள் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தார். நானும் கூடவே எண்ணினேன். அவர் எண்ணிக்கையும் என் எண்ணிக்கையும் ஒத்துப்போகாதபோதெல்லாம் எனக்கு உயிர் போய்த் திரும்பியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். மூன்று மணிக்கு மேல்தான் அவள் புருஷன் வந்தார். சட்டையில் தேங்காய் மட்டைக் கறையோடு அப்படியே வந்திருந்தார். அவரிடம் ஒரு தாளை நீட்டினார்கள். மூளையில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நிலைமை மோசம் என்று சொல்லிவிட்டோம் என்பதற்குக் கையெழுத்து. அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"போடவா தங்கச்சி? போட்டா அவள விட்டுட்டேன்னு ஆயிராதுல்லா?"

போடுங்கள் அண்ணே என்றேன்.

ஒரு நாள் முழுக்க அவள் கண் திறக்கவில்லை. நர்ஸ் மணிக்கொரு தடவை வந்து முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். மருந்து அதிகமாகிவிட்டால் கால் துள்ளாதாம். உள்ளே விட்ட நேரமெல்லாம் அந்தக் கால் துள்ளுகிறதா என்று பார்ப்பதே என் வேலையானது. ரத்தக் கசிவு இல்லை என்று சொன்னார்கள். திங்கட்கிழமை மத்தியானம் கண் திறந்தாள். நல்லது என்று நினைத்த அடுத்த நிமிஷம், "மதினி, ஏன் லைட்டப் போடல?" என்றாள். வார்டில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. டாக்டர், பார்வை திரும்பிவிடும், பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார். அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தோம். புதன்கிழமை காலை, பிள்ளைக்கு யாரு இந்தப் பச்சைத் தொப்பி போட்டது என்று கேட்டாள். மாமியார் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதார்.

அன்று சாயங்காலம் அவரும் நானும் டீ வாங்கப் போனோம். திரும்பும்போது சொன்னார்.

"அன்னைக்கு நான் சொன்னத மனசுல வச்சுக்கிடாத ஏட்டி."

சரி என்றேன். வைத்துக்கொள்ளாமல் இருக்கிறேனா என்பது எனக்கே தெரியாது. ஆனால் நான் அவரிடம் சொன்னதை அவர் இன்றுவரை யாரிடமும், தன் மகனிடம்கூட, சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நாத்தனாருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நினைவில் இல்லை. என்ன நடந்தது என்று கேட்டாள். ஆட்டோவில் வலிப்பு வந்தது என்று மட்டும் சொன்னேன். மாத்திரையைத் தினமும் வேளை தவறாமல் சாப்பிடுகிறாள். நானும் தினமும் மத்தியானம் போன் செய்கிறேன். எடுக்கத் தாமதமானால் கையில் மடிக்கிற துணி நின்றுவிடும்.

நாற்பத்தைந்தாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் செக்கப் இருந்தது. லீவு போட்டு நானும் போனேன். பிரஷர் குறைந்திருக்கிறது, ஆனால் மாத்திரையை நிறுத்தக் கூடாது, அடுத்த பிள்ளை என்ற பேச்சே வேண்டாம் என்றார் டாக்டர். நாத்தனார் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு, ஊர் தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள். அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே கூமாப்பட்டி வரைக்கும் வந்தேன்.