ரீவைண்டிங் நவநீதனின் மூன்று கிடார்கள்

பாப்பாரப்பட்டியில் சந்தைக்குப் போகும் வழியில் நவநீதனின் கடை இருக்கிறது. பலகையில் மோட்டார் ரீவைண்டிங் என்று மட்டும் எழுதியிருக்கும். எரிந்துபோன கிணற்று மோட்டாரை யாராவது மொபெட்டில் வைத்துக் கொண்டுவந்து இறக்குவார்கள். அவர் உள்ளே கருகிக் கிடக்கும் செப்புக் கம்பியை வெட்டி எடுப்பார், புதுக் கம்பியைச் சுற்றிக் கட்டுவார், வார்னிஷில் முக்குவார். பிறகு இரண்டு பெரிய பல்புகள் எரியும் தகரப் பெட்டிக்குள் ஒரு ராத்திரி வைத்துக் காயவிடுவார். கோடையில் வேலை அதிகம்.

கடையின் பின்சுவரில் ஒரு சிவப்பு கிடார் ஆணியில் தொங்குகிறது. புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்துவிட்டு அவரைப் பார்ப்பார்கள்.

"நம்முளுதுதாங்க. வூட்ல எடம் அடைக்குதுன்னு கடைக்கு அனுப்பிட்டாங்க" என்பார்.

அனுப்பியவர் அவர் மனைவி பாஞ்சாலி.

நவநீதனுக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. தர்மபுரி ஐ.டி.ஐ.யில் படித்தபோது, விடுதி அறையில் ஓசூர்க்காரர் ஒருவர் வைத்திருந்த மரக் கிடாரில் வாசிக்கக் கற்றுக்கொண்டார். படிப்பு முடிந்து கடை போட்ட பிறகு, 1999இல் மாதையன் ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தார். மாதையன் கீபோர்டு வாசிப்பார், குழுவையும் நடத்துவார். தர்மபுரி மாவட்டத்தில் பாதி ஊர்த் திருவிழாக்களுக்கும் நிறைய கல்யாண ரிசப்ஷன்களுக்கும் அவர்கள்தான். மாதையனுக்குப் பிறகு இப்போது அவர் மகன் சந்திரமோகன் நடத்துகிறார். நான் அதில் நான்கு வருடங்களாகப் பாடுகிறேன். முதல் இரண்டு கிடார்களைப் பற்றி நான் கேட்டதுதான். மூன்றாவதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் கிடார் அந்தச் சிவப்புக் கிடார். குழுவில் சேர்ந்த வாரமே பெங்களூர் போய் வாங்கி வந்தார். கடையில் பத்துப் பன்னிரண்டு கிடார்கள் மாட்டியிருந்தன. ஒன்றைக்கூட வாசித்துப் பார்க்கவில்லை. எது தூரத்தில் இருந்து தெரியும் என்று மட்டும் பார்த்தார். அதற்கு மேலே இரண்டு கூரான முனைகள் இருந்தன. ஊர்க்காரர்கள் அதற்குக் கொம்புக் கிடார் என்று பெயர் வைத்தார்கள். திருவிழாக் கமிட்டிக்காரர்கள் மாதையனிடம் முன்பணம் கொடுக்கும்போதே "கொம்பு கிடார்க்காரரு வருவாருங்களா" என்று கேட்டு உறுதி செய்துகொள்வார்கள். காலடியில் ஒரு பெட்டியை வைத்து மிதித்தால் சத்தம் கரகரவென்று உடைந்து வரும். தாலாட்டு மாதிரியான பாட்டுக்கும் நவநீதன் அதை மிதித்தார். மாதையன் கீபோர்டில் இருந்தபடியே இடது கையைக் கீழே கீழே என்று ஆட்டுவார். சத்தத்தைக் குறை என்று அர்த்தம். நவநீதன் அடுத்த பாட்டில் ஏற்றிவிடுவார்.

பத்து வருடத்தில் அந்தக் கிடாரின் கழுத்து வளைந்துவிட்டது. அதற்குள் அவருடைய ரசனையும் மாறியிருந்தது. இப்போது பார்வைக்கு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, விரல் வேகமாக ஓட வேண்டும். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த ஒருவர் விற்ற கறுப்புக் கிடாரை வாங்கினார். தந்திகள் மரத்தை ஒட்டித் தாழ்வாக இருந்தன. ஸ்விட்சுகள் மட்டும் ஐந்து. ஒரு இரும்புப் பிடியைப் பிடித்து அமுக்கினால் சுரம் அப்படியே கீழே வழுக்கி இறங்கும். நல்ல கனம். நாலரைக் கிலோ.

"உங்களுக்கு வாச்சவளுங்க எல்லாமே கனம்தான்" என்றாராம் பாஞ்சாலி, அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு.

"உன்னைச் சொல்லலயே நான்."

"நீங்க சொல்லுவீங்களா? தைரியம் இருக்குதா?"

அந்த இரும்புப் பிடி இருக்கும் கிடாரில் ஒரு தொல்லை. ஒரு தந்தி அறுந்தால் மீதி ஐந்தும் சுருதி விலகிவிடும். நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு ரிசப்ஷனில், மாப்பிள்ளையும் பெண்ணும் மேடை ஏறும் பாட்டில், அப்படித்தான் ஒரு தந்தி அறுந்தது. நவநீதன் விடாமல் வாசித்தார். அன்றைக்கு வீடியோவில் மாப்பிள்ளையின் முகம் சுளித்தபடி பதிவானது கிடாரால்தான் என்று குழுவில் இன்னும் சொல்கிறார்கள். ஆனாலும் அவர் அதை மாற்றவில்லை. பன்னிரண்டு வருடம் அதைத்தான் வாசித்தார்.

மாற்ற வைத்தது ஒரு செல்போன். கொரோனாவில் திருவிழாக்கள் நின்றுபோன வருடம், மோட்டார் வேலையும் குறைந்து, நவநீதன் வீட்டில் உட்கார்ந்திருந்தார். யார் யாரோ எடுத்துப் போட்டிருந்த பழைய நிகழ்ச்சிகளை யூடியூபில் தேடித் தேடிப் பார்த்தார். மேடையில் நிற்பவருக்குத் தன் குழு வெளியே எப்படிக் கேட்கிறது என்று தெரியாது. இருபது வருடத்தில் முதல் தடவையாக அதைக் கேட்டார்.

கூடவே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பாஞ்சாலி, "பாட்டு எங்கீங்க?" என்று கேட்டார்.

"பாடிக்கினுதானே இருக்காங்க."

"வாய் அசையுது. உங்க சத்தம்தான் கேக்குது."

மறுபடி போட்டுப் பார்த்தார். பாஞ்சாலி சொன்னது சரி. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில்கூட கிடார் இடம் விடவில்லை. அடுத்த மாதம் கறுப்புக் கிடாரை விற்றுவிட்டு, மூன்றாவதை வாங்கினார்.

மூன்றாவது கிடார் சந்தன நிறம். கனம் குறைவு. சத்தம் மெல்லியது, ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும். காலால் மிதிக்கும் பெட்டியை எடுத்து வைத்துவிட்டார். பாட்டின் இடைவெளிகளில் இரண்டு சுரம், மூன்று சுரம் மட்டும் போடுவார். நான் குழுவில் சேர்ந்தது இந்தச் சமயத்தில்தான். அவர் இப்படித்தான் எப்போதும் வாசிப்பார் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் அந்தக் கிடாருக்கு ஒரு குறை உண்டு. மின்சாரக் கிடாரில் தந்திகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒன்று இருக்கும். காந்தத்தின் மேல் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றியிருப்பார்கள். தந்தி அதிர்வதை மின்சாரமாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். இந்த மாதிரியான பிக்கப், பக்கத்தில் ஜெனரேட்டரோ சீரியல் லைட்டோ இருந்தால் அதையும் வாங்கி அனுப்பிவிடும். ம்ம்ம் என்று ஒரு சத்தம். ஹம் என்பார்கள். கறுப்புக் கிடாரில் அது வராது. இதில் மூன்று பிக்கப், மூன்றும் வாங்கின. திருவிழா மேடைகளில் எல்.இ.டி. வளைவுகள் கூடக் கூட ஹம்மும் கூடியது.

போன மாசி மாதம் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்து ஊரில் மாரியம்மன் திருவிழா. ஜெனரேட்டர் மேடைக்குப் பின்னாலேயே நின்றது. நாங்கள் பதினெட்டுப் பாட்டு பாடினோம். முடிந்து ஒயர்களைச் சுருட்டும்போது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் உட்காரும் கலைமணி நவநீதனிடம் வந்தார்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. ஆறாவது பாட்டுலயே உங்க லைன மூடிட்டன். ஹம் தாங்கல."

"அப்ப மேடையில எனக்குக் கேட்டுச்சே?"

"உங்க பக்கத்து ஸ்பீக்கர்ல மட்டும் வெச்சிருந்தன்."

பன்னிரண்டு பாட்டு அவர் வெளியே யாருக்கும் கேட்காமல் வாசித்திருக்கிறார். யாரும் தேடவும் இல்லை. நவநீதன் கிடாரை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். பாதியில் மாட்டிக்கொண்டது. அப்படியே தூக்கிக்கொண்டார்.

சந்திரமோகன் வேனருகே நின்றிருந்தார். வயதில் பதினைந்து வருடம் சின்னவர். பேசத் தயங்கியது தெரிந்தது.

"அண்ணா, வர்ற ஞாயித்துக்கெழம பென்னாகரத்துல ரிசப்ஷன். அங்கயும் ஜெனரேட்டர்தான். ஹம் வந்துச்சுன்னா..."

"சொல்லுப்பா."

"கீபோர்டுலயே கிடார் சத்தம் இருக்குதுங்கண்ணா. நானே போட்டுக்கறன். நீங்க வந்து உக்காருங்க, அதுக்கு ஒண்ணுமில்ல."

"வாசிக்காம உக்காரணும்னா நான் வூட்லயே உக்காந்துக்குவன்" என்றார் நவநீதன். கோபமாகச் சொல்லவில்லை. வேனில் வழக்கமாக உட்காரும் முன்சீட்டை விட்டுவிட்டு, அன்று பின்னால் டிரம்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தார்.

மறுநாள் காலை கிடாரைக் கடைக்குக் கொண்டுபோனார். பிறகு நடந்ததை அவரே எங்களிடம் சொல்லியிருக்கிறார், சிரிக்காமல்.

ஒரு மோட்டார் உறுமினால் ரீவைண்டிங்காரர் என்ன நினைப்பார்? உள்ளே சுற்று தளர்ந்து அதிர்கிறது என்று நினைப்பார். வைத்தியம் ஒன்றுதான். வார்னிஷில் முக்கு, பெட்டியில் வைத்துச் சூடேற்று, கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உறுமல் நிற்கும். இருபத்தைந்து வருடமாக நூற்றுக்கணக்கான மோட்டார்களை இப்படித்தான் அடக்கியிருக்கிறார். இரண்டு பிக்கப்களைக் கழற்றினார். மூன்றாவதன் திருகாணி துருப்பிடித்துத் திரும்பவே இல்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். கழற்றிய இரண்டையும் வார்னிஷில் முக்கி, ஒரு ஐந்து எச்.பி. மோட்டாருக்குப் பக்கத்தில் தகரப் பெட்டிக்குள் வைத்து, பல்பைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் திறந்தபோது மோட்டார் நன்றாகக் காய்ந்திருந்தது. பிக்கப் இரண்டும் பொரித்த அப்பளம் போல வளைந்திருந்தன. மோட்டாருக்குள் இருப்பது இரும்பு. இதில் கம்பி சுற்றியிருந்தது பிளாஸ்டிக்கில். மீட்டர் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் கம்பி அறுந்திருந்தது.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த பாஞ்சாலி மேசை மேல் கிடந்ததைப் பார்த்தார்.

"கெணத்து மோட்டாருக்குப் பண்றத இதுக்கும் பண்ணீங்களா?"

"பண்ணிட்டன்."

"நல்லவேள, போன மாசம் என் காது மிஷின் உங்ககிட்ட ரிப்பேருக்குக் குடுக்கல."

பாஞ்சாலி சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "மூணுல ஒண்ணு இருக்குதில்ல. சாப்பிடுங்க மொதல்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. துருப்பிடித்த திருகாணியால் தப்பிய ஒரே பிக்கப்பை ஸ்பீக்கரில் இணைத்து, ஓடும் மோட்டார் ஒன்றின் அருகே பிடித்துப் பார்த்தார். ம்ம்ம். மோட்டாரை நிறுத்தினார், சத்தம் நின்றது. தளர்ந்த சுற்று என்றால் மோட்டார் நின்ற பிறகும் சத்தம் வர வேண்டும். ஆக, சத்தம் சுருளுக்குள் உண்டாகவில்லை, வெளியிலிருந்து வருகிறது. அதை முதல் நாளே இப்படிச் சோதித்திருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும்.

அன்று மாலை ஒரு விவசாயி, வேறு எங்கோ சுற்றிய மோட்டாரைக் கொண்டுவந்தார். கரண்ட் கொடுத்தால் உறுமிக்கொண்டே நிற்கிறது, சுற்றவில்லை. திறந்தார். ஒரு சுருளின் இணைப்பைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். ஒன்று இந்தப் பக்கம் தள்ள, இன்னொன்று அந்தப் பக்கம் தள்ளுகிறது. மாதம் ஒரு தடவையாவது பார்க்கும் பிழை. அதைச் சரி செய்துகொண்டிருக்கும்போதே அவர் கை நின்றுவிட்டதாம்.

மோட்டாரில் பிழையாக இருப்பது கிடாரில் வேண்டும். அதே அளவு இன்னொரு சுருளைச் சுற்றி, இணைப்பைத் திருப்பிக் கொடுத்தால் இரண்டும் வாங்கும் ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஆனால் தந்தியின் சத்தமும் அடிபட்டுவிடக் கூடாது. அதனால் இரண்டாவது சுருளில் காந்தம் இருக்கக் கூடாது. காந்தம் இல்லாவிட்டால் அதற்குத் தந்தி அதிர்வது தெரியாது, ஜெனரேட்டர் மட்டும்தான் தெரியும்.

புதன்கிழமை சேலம் போய், ரிலே என்கிற சின்ன ஸ்விட்சுக்குச் சுற்றும் மெல்லிய கம்பி வாங்கி வந்தார். மோட்டாருக்குள் வைக்கும் கெட்டித் தாளை வெட்டி ஒட்டிச் சட்டம் செய்தார். தடித்த கம்பி சுற்றிப் பழகிய கைக்கு அந்தக் கம்பி பிடிபடவில்லை. இரண்டு தடவை அறுந்தது. வெள்ளிக்கிழமை கடையை அரைநாள் பூட்டிவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுச் சுற்றினார். எத்தனை சுற்று என்று தெரியாததால், கொஞ்சம் சுற்றுவது, இணைப்பது, மோட்டார் பக்கத்தில் பிடிப்பது, மறுபடி சுற்றுவது. சனிக்கிழமை மதியம் ஹம் நின்றது. வார்னிஷ் டின்னின் மூடியை அவர் திறக்கவே இல்லை.

வெந்துபோன பிக்கப் இருந்த குழிகளில் ஒன்றில் புதுச் சுருளை வைத்தார். இன்னொன்றைத் தகடு வைத்து மூடினார். ஸ்விட்ச் தேவையில்லை, எடுத்துவிட்டார். சத்தம் ஏற்றி இறக்க ஒரு குமிழ் மட்டும் மிச்சம். சத்தம் முன்பைவிடச் சற்று மங்கல்தான். அதையும் மறைக்காமல் சொன்னார்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பென்னாகரம் மண்டபத்தில் சவுண்ட் செக். வெயில் இறங்கவில்லை. நவநீதன் மேடையில் தன் இடத்தில் நின்று ஒயரைச் சொருகினார். சந்திரமோகன் கீபோர்டில் கிடார் சத்தத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது அந்தச் சின்னத் திரையில் தெரிந்தது. நவநீதனுக்கும் தெரிந்திருக்கும். வெளியே ஜெனரேட்டரைப் போட்டார்கள். மேடையைச் சுற்றி எல்.இ.டி. வளைவுகள் எரிந்தன.

கலைமணி கிடார் லைனைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் ஏற்றினார்.

"அண்ணா, ஒயரு சொருகலயா?"

"சொருகித்தான் இருக்குது."

"லைன்ல ஒண்ணுமே இல்லீங்களே."

"நான் இன்னும் வாசிக்கலயே."

கலைமணி தலையைத் தூக்கிப் பார்த்தார். நவநீதன் தந்திகளைச் சேர்த்து மீட்டி ஒரு கார்டு போட்டார். ஆறு தந்தியும் தனித்தனியாகக் கேட்டு, மெதுவாக அடங்கின. அடங்கிய பிறகும் ம்ம்ம் இல்லை. மண்டபத்து நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம்தான் இருந்தது.

சந்திரமோகன் கீபோர்டின் பொத்தானை அமுக்கி வயலின் சத்தத்துக்கு மாற்றினார். "மொத பாட்டு ஒரு தடவ போயிரலாம்" என்றார். அது நான் பாட வேண்டிய பாட்டு. சரணத்தில் நான் மூச்சு வாங்கும் இடத்தில் நவநீதன் மூன்று சுரம் வைத்தார். முடிந்ததும் சந்திரமோகன் இடது கையைத் தூக்கினார். அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். ஆனால் கையை மேலே ஆட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஏத்துங்கண்ணா."

இருபத்தாறு வருடத்தில் அந்தக் குழுவில் யாரும் அவரிடம் ஏற்றச் சொன்னதில்லை. நவநீதன் குமிழைப் பார்த்தார்.

"இதே போதும்ப்பா" என்றார்.

கலைமணி மிக்சரில் ஏற்றிக்கொண்டார்.