தங்கையின் நிறம்

குரும்பகரம் சொர்ணாம்பாளுக்கு ஐம்பத்தொரு வயது. நடவு, களை, மாமியாருக்குப் பணிவிடை என்று ஓடிய உடம்பு. இத்தனை வயதில் முதல் தடவையாக அவளை ஒருவர் "நீங்க நல்ல கலரா இருக்கீங்க" என்றது, காரைக்காலில் டயாலிசிஸ் செய்கிற இடத்தில்தான். சொன்னது புதிதாக வந்த நர்ஸ். ஒப்பிட்டது கட்டிலில் படுத்திருந்த தங்கை ஞானசௌந்தரியோடு. அன்று திரும்புகையில் சொர்ணாம்பாள் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டாள். வெட்கங்கெட்ட மனசு, வேறென்ன சொல்ல.

ஞானசௌந்தரி பிறவியிலேயே எலுமிச்சம்பழ நிறம். அக்காவோ அட்டைக்கரி. பெண் பார்க்க ஆள் வந்தால் சிவந்த தங்கையைக் கண்ணில் காட்டாமல் ஒளித்து வைப்பது வழக்கம். பஞ்சநாதன் சொர்ணாம்பாளைப் பெண் பார்க்க வந்த அன்றும் அவளைத் தருமபுரத்துச் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே பொழுது போகாமல் அவள் பஸ் ஏறித் திரும்பினாள். மாப்பிள்ளை வீட்டாரும் அதே பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தார்கள். மறுவாரம் "சின்னவளைக் குடுங்க" என்று தகவல் வந்தது. சொர்ணாம்பாளை அவசர அவசரமாகச் செல்லையனுக்குக் கட்டிவைத்துவிட்டு, ஆறு மாதத்தில் தங்கையைப் பஞ்சநாதனுக்குக் கொடுத்தார்கள். செல்லையன் நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்த எரிச்சல் அடங்கவேயில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் போயிற்று. முதலில் முகம் வெளிறி மஞ்சள் தட்டியது. பிறகு கழுத்து, கன்னம், கை என்று கருமை ஏறி, சாம்பல் பூசியது போலாயிற்று. ஓயாத அரிப்பு வேறு. சிறுநீரில் போகவேண்டிய கழிவை மிஷினால் முழுதும் எடுக்க முடியாமல் உடம்பிலேயே தங்கிவிடுவதால் தோல் இப்படி ஆகிறது என்றார் டாக்டர். வாரம் மூன்று நாள் துணைக்குப் போனவள் சொர்ணாம்பாள். பாசமும் உண்டு, அந்தக் கருமையைப் பார்க்கிற ஆசையும் உண்டு.

சென்ற மாதம், அக்காவின் சிறுநீரகம் பொருந்தும் என்று சோதனையில் தெரிந்தது. "எதாவது கேக்கணுமாம்மா?" என்றார் டாக்டர்.

"வச்சா அவளுக்குப் பழைய கலர் திரும்புமா?"

"உறுதியாச் சொல்ல முடியாது. நிறைய பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாத் தெளியுது."

பஞ்சநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த நேரத்துலயும் அண்ணி அவ அழகைப் பத்தித்தான் நெனைக்கிறாங்க."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு சொர்ணாம்பாள் வந்துவிட்டாள். செல்லையன் "உன் இஷ்டம்" என்றார். பத்து நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கத்திக்குப் பயமில்லை. தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்து அவளை மறுபடி சிவப்பாக்குவதா என்பதுதான் உறுத்தியது.

பதினோராம் நாள், ஊசி குத்திய கையை அசைக்காமல் ஞானசௌந்தரி சொன்னாள்: "டாக்டர்ட்ட நீ ஏன் கலரைப் பத்திக் கேட்டேன்னு எனக்குத் தெரியும்க்கா. மனசில்லன்னா வேணாம். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சொர்ணாம்பாளுக்கு முகம் சுண்டிவிட்டது. தங்கையின் காலைச் சொறிந்துகொண்டிருந்த கை நின்றது. சற்று நேரம் கழித்து மறுபடி சொறியத் தொடங்கினாள்.

"தரேன்டி. உன் வீட்டுக்காரர்ட்ட சொல்லிடு."

"கலர் திரும்பிட்டா என்னக்கா பண்ணுவே?"

"எப்பவும் போல வயிறெரிவேன். அதுக்கு நீ இருக்கணும்ல."