கறுப்புக் கரையிட்ட தாள்

காலை ஆறு நாற்பது. ஒஸ்லோவின் குரோருட் ரயில் மேடையில் நண்பர் நீட்டிய கைபேசியில் முதலில் தெரிந்தது ஒரு கல் வாசல். அதன் பக்கச் சுவரில் கறுப்புக் கரையிட்ட தாள்.

வாசலை உடனே அடையாளம் கண்டேன். முப்பது வருடங்களுக்கு முன், நோர்வேக்கு வரும் வழியில், நாங்கள் இருவரும் அந்த இத்தாலிய மலையூரில் ஏழு மாதம் தோட்டவேலை செய்தோம். தங்கியது ஊர் மதிலின் அந்த வாசலுக்கு மேலிருந்த அறையில்.

முதல் நாளே இப்படியான தாள்களைச் சுவரில் கண்டு நண்பர் நின்றுவிட்டார். கறுப்புக் கரை, படம், பெயர். யாழ்ப்பாணத்தில் அப்போது சண்டையில் செத்தவர்களென்று சுவரில் இருந்த முகங்களுக்கு இருபது வயதுகூட இராது.

“இஞ்சையும் சண்டையோ மச்சான்?”

கிட்டப் போய் வயதுகளை வாசித்தேன்: தொண்ணூற்றொன்று, எண்பத்தெட்டு, தொண்ணூற்றுநான்கு.

“கிழடுகள்தான் சாகுதுகள். அப்ப இஞ்சை பயமில்லாமல் இருக்கலாம்,” என்றார்.

அறையைத் தந்தவர் ஊரின் தபால்காரப் பெண். ஊர்க்கதையும் அவர் சொன்னதுதான். கீழே சதுப்பு, காய்ச்சல், கொள்ளையர். அதனால் மேலே மதில் கட்டிக் குடியேறினார்களாம். விடிய கழுதைகளோடு வயலுக்கு இறங்கி, இருட்டுமுன் ஏறிவர, வாசல் பூட்டப்படும். சதுப்பு வற்றிய பிறகு பள்ளத்தாக்கில் ரயில் வந்தது. இளையவர்கள் அதில் ஏறிப் போனார்கள்.

நண்பர் யாழ்ப்பாணத்திலிருந்த தம்பியின் கடிதத்துக்குக் காத்திருந்தார். கடிதம் இல்லாத நாட்களில், நாங்கள் வீணே படியிறங்காதபடி, அந்தப் பெண் கீழே நின்றே தலையை ஆட்டுவார். கடிதம் வந்த அன்று ஐம்பத்திரண்டு படிகளையும் தானே ஏறி வந்தார். தம்பி உயிரோடு இருந்தான்.

“ஒலிவ் பறிக்க வருவன்” என்று, நோர்வேக்கு வந்தபிறகு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் நண்பர் அவரிடம் தொலைபேசியில் சொல்லுவார். போக முடியாதபடி மகளின் பரீட்சை வந்தது, பிறகு கலியாணம், பிறகு முழங்கால் சத்திரசிகிச்சை.

“நேற்று செத்துப்போனாவாம். அவவின்ர மகன் அனுப்பினவன்,” என்றார் நண்பர் மேடையில். “முகத்தை ஒருக்காப் பாக்கவேணும். இண்டைக்கே டிக்கற் போட்டிட்டன். செத்தவீடு எப்ப எண்டு வாசி, எனக்கு அந்த எழுத்து ஓடாது.”

ஒஸ்லோவில் எங்கள் ஆட்களின் செத்தவீடு ஒரு கிழமைக்குப் பிறகுதான். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எல்லாரும் வந்து சேரவேண்டும். அந்த நினைப்பிலேயே அவர் இருந்தார்.

“பின்னேரம் மூண்டு மணிக்கு.”

“எண்டைக்கு?”

“இண்டைக்கு.”

ரயில் வந்தது. நாங்கள் ஏறவில்லை.

அவருடைய விமானம் மாலை ஐந்து பத்துக்கு.